மின்பதிவு இசைத்தட்டைக் கண்டறிந்து கிராமபோனில் ஒலிக்கச் செய்யும் முறை

1925-ஆம் ஆண்டுக்கு முன்பு பாடகர்கள் பெரிய குழல் ஒன்றின் வாய்க்குள் பாட, அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. அந்த ஆண்டில் விக்டர், கொலம்பியா ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்பதிவு முறையை ஏற்றுக்கொண்ட பிறகு, மைக்ரோபோனும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் அந்த வேலைக்கு வந்தன. அதுவரை தட்டில் சரியாக ஏறாத கனத்த கீழ் ஒலிகள் அதன்பின் தெளிவாகப் பதிந்தன.

படி 1: கடைசி வரிக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வழுவழுப்பான பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். விக்டர் தட்டில் நீள்வட்டத்துக்குள் 'விஇ' என்ற ஆங்கில எழுத்துகளும், எச்எம்வி தட்டில் அங்கே பொறித்த எண்ணுக்குப் பின் சிறு முக்கோணமும், கொலம்பியாவில் வட்டத்துக்குள் 'டபிள்யூ' என்ற எழுத்தும் தெரிந்தால், அது மின்பதிவு.

படி 2: ஊசியைப் பிடித்து, அதன் அசைவை ஒரு தகட்டின் மூலம் ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸைக் கவனியுங்கள். மைக்கா தகடு பொருத்திய பழைய பெட்டிகளில் கீழ் ஒலிகள் அதிர்ந்து கரகரக்கும். மின்பதிவுக்கென 1925-இல் வந்த விக்டரின் ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலா என்ற கிராமபோனில் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடும், உள்ளே மடித்து வைத்த நீண்ட குழலும் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், மின்சாரமே இல்லாத அந்தக் கிராமபோனை மேக்ஸ்ஃபீல்ட், ஹாரிசன் என்ற பொறியாளர்கள் மின்சுற்றுக் கணக்கைக் கொண்டே வடிவமைத்தார்கள்.

படி 3: தட்டைச் சோப்புநீர் தொட்ட துணியால், லேபிள் நனையாமல் துடைத்து உலர்த்துங்கள். தட்டு அரக்கால் ஆனது; ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம்.

படி 4: ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய எஃகு ஊசி போடுங்கள். அரக்கோடு கலந்த கல்தூள் ஊசியின் முனையைத் தேய்த்து வரிக்கு ஏற்ப வடிவமைக்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் முனை உளிபோல் ஆகிவிடுவதால், அதே ஊசியை மறுபடி வைத்தால் அது வரியின் சுவரையே செதுக்கும். தொடக்கத்தில் நான் சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் நான்கு பக்கங்கள் ஓட்டினேன். கறுத்த தட்டின் மேல் சாம்பல் நிறக் கோடுகள் படிந்து, உரத்த இடங்களெல்லாம் இரைச்சலாகிவிட்டன.

படி 5: சாவியை மெதுவாகக் கொடுத்து, இறுகத் தொடங்கும்போதே நிறுத்துங்கள். தட்டின் ஓரத்தின் கீழ் ஒரு காகிதத் துண்டைச் செருகி, தட்டு ஒலிக்கும்போதே அது நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிறதா என எண்ணிப் பார்த்து, வேகத் திருகைச் சரிசெய்யுங்கள். தட்டு முழு வேகம் எடுத்த பிறகே ஊசியை வெளி ஓரத்தில் மென்மையாக இறக்க வேண்டும்.

பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி, பிரேக்கைப் போட்டு, தேய்ந்த ஊசியைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். புதியவற்றோடு கலந்துவிட்டால் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம்.