ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம்: உண்மையில் எத்தனை மணி நேரம்?

"எத்தினை மணிக்கு மோனை வீட்ட வந்து சேருவியள்?" ஊரில் இருந்து அம்மா கேட்கும் முதல் கேள்வி இதுதான். ரிக்கற்றைப் பார்த்துப் பதில் சொன்னால் பிழையாகிவிடும். அதில் இருப்பது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் நேரம். வீட்டுப் படலைக்கு இன்னும் அரை நாள் இருக்கிறது.

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் வான்வழியே ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. டுபாய் வழியாகப் போனாலும் லண்டன் வழியாகப் போனாலும் 14,400 அளவில்தான் வரும். ஆகவே எந்த வழி கிட்ட என்று மண்டையை உடைக்க வேண்டாம். நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனிக்காலத்து வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்கு ஸ்காபரோ வீட்டைப் பூட்டுகிறீர்கள். இரவு 10 மணிக்கு விமானம். டுபாய்க்கு 13 மணி நேரம், அங்கே 6 மணி நேரக் காத்திருப்பு, கொழும்புக்கு நாலரை மணி. இறங்கும்போது இலங்கையில் ஞாயிறு காலை 8 மணி. குடிவரவு, பெட்டிகள் எல்லாம் முடிய ஒன்பதரை. அப்புறம் வான் வண்டியில் தரைவழியே ஏழு மணி நேரம். வீடு சேர மாலை நாலரை. மொத்தம் 36 மணி நேரம். சனிக்கிழமை எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பனிக்காலத்தில் இலங்கை பத்தரை மணி நேரம் முன்னே, கோடையில் ஒன்பதரை.

ரிக்கற் எடுக்கும்போது விலைக்கு அடுத்து நான் பார்ப்பது, கட்டுநாயக்காவில் காலையில் இறங்குகிறதா என்பதைத்தான். ஒருமுறை மலிவு என்று நள்ளிரவில் இறங்கும் விமானத்தை எடுத்தேன். புத்தளம் தாண்டியதும் சாரதி கண்ணைக் கசக்கத் தொடங்கினார். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, அவர் ஒரு மணி நேரம் தூங்கி எழும்பும்வரை பெட்டிகளுக்குக் காவல் இருந்தோம். மிச்சம் பிடித்த காசு அந்த இரவுக்குக் காணாது.

கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீற்றரில் இருக்கிறது. நகருக்குள் போகாமல் நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று நேரே ஏறலாம். ரயில்தான் வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். பெட்டிகளோடு அது வீண் அலைச்சல்.

சென்னை வழியும் உண்டு. அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 360 கிலோமீற்றர் மட்டும், ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. ஆனால் இரண்டு விமானத்துக்கும் தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியைத் திரும்பப் போட வேண்டும். கனேடியக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா தேவை. பலாலி விமானம் சிறியது, பொதி அளவும் குறைவு. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது. தோள்பையோடு போகிறவருக்குச் சரி. ஆளுக்கு இரண்டு பெட்டி கட்டும் குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது மேல்வானத்துக் காற்று எதிரே அடிப்பதால் டுபாய்-ரொறன்ரோ பறப்பு ஒரு மணி நேரம் கூடும். அடுத்த நாளே வேலைக்குப் போவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, அம்மாவுக்கு என்ன பதில்? "பின்னேரம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஆனையிறவு தாண்டியதும் ஒரு ரெலிபோன் கோல் எடுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரம். அப்போது உலை வைத்தால் சோறு சூடாக இருக்கும்.