லேப்டாப் திருடு போனாலும் அதிலிருப்பது திருடு போகாமல் இருக்க

லாகின் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம், அது போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான் அது. லேப்டாப்பின் பின்மூடியில் எட்டுப் பத்து ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் உள்ளே விரல் நீளத்துக்கு எஸ்எஸ்டி, உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் டிஸ்க் அதுதான். பெரும்பாலான மாடல்களில் அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. உருவியெடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் ஆதார் ஸ்கேன், வரிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் திறந்துவிடும். லேப்டாப்பை ஆன் செய்ததுமே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டு இருந்தாலும் இதைத் தடுக்காது. தடுப்பது டிஸ்க் என்கிரிப்ஷன்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ளதை மாற்றி வைப்பது, அதை இன்றே போட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 11 ஹோமில், செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆன் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையாமல் லோக்கல் அக்கவுண்டிலேயே ஓட்டினால், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தும் சாவி பூட்டப்படாமல் இருக்கக்கூடும். அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ப்ரோ பதிப்பில் இதே வேலைக்குக் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் இருக்கும். பழைய லேப்டாப் என்றால் 'முழு டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்று விட்டால், முன்பு அழித்த கோப்புகளின் மிச்சம் வெளிப்படையாகவே கிடக்கும். மேக்கில் இதே வேலையை ஃபைல்வால்ட் செய்கிறது.

பலர் கோட்டை விடுவது ரெக்கவரி கீயில். என்கிரிப்ட் ஆன டிஸ்க்கைத் திறக்கும் மாற்றுச் சாவி அது, விண்டோஸில் 48 இலக்க எண். பயாஸ் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாற்றினாலோ லேப்டாப் அதைக் கேட்டு நின்றுவிடக்கூடும். இல்லையென்றால் திருடன் வராமலேயே எல்லாம் போய்விடும், யாராலும் மீட்டுத்தர முடியாது. பிரிண்ட் எடுத்து, அது எந்த டிஸ்க்குக்கான சாவி என்று காட்டும் கீ ஐடியையும் சேர்த்து வீட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று: மூடியைச் சாத்தினால் லேப்டாப் பெரும்பாலும் ஸ்லீப்பில்தான் போகும். அப்போது டிஸ்க்கின் சாவி மெமரியில் இருக்கும். பயணம் கிளம்பும்போது ஷட்டவுன் செய்யுங்கள், அல்லது பவர் ஆப்ஷன்ஸில் மூடிக்கு ஹைபர்னேட் (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) என்று மாற்றி வையுங்கள்.

என்கிரிப்ஷன் அடுத்தவர் படிப்பதைத்தான் தடுக்கும், உங்கள் கோப்பைத் திருப்பித் தராது. ஆகவே பேக்கப் தனியாக வேண்டும். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப் இருக்கும் அதே பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

ரயிலில் கீழ் பெர்த்தின் அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போடுவது துணிப் பெட்டிக்குச் சரி. லேப்டாப் பைக்கு உதவாது, ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனா முனையால் பிளந்துவிடலாம். இரவில் தலைமாட்டில் வைத்துப் படுங்கள். காரில் என்றால், போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து வைக்காதீர்கள், பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். "பணம் கீழே விழுந்து கிடக்கு சார்" என்று யாராவது சொன்னால் முதலில் கை பையைப் பிடிக்கட்டும், குனிவது அப்புறம். கேபிள் லாக் வாங்கும் முன் லேப்டாப்பில் அதற்கான துளை இருக்கிறதா, என்ன அளவு என்று பாருங்கள். வழக்கமான துளை 3 மி.மீ.க்கு 7 மி.மீ. மெல்லிய மாடல்களில் வேறு அளவு வரும், சிலவற்றில் துளையே கிடையாது.

அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணையும் பில்லையும் இப்போதே படம் எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். சிம் வசதி இல்லாத லேப்டாப்புக்கு ஐஎம்இஐ கிடையாது, போனைப்போல முடக்க முடியாது. புகாரில் அடையாளம் சொல்ல இந்த எண்தான் இருக்கிறது.

திருடு போய்விட்டால் வேறு கருவியிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் சாவி அதுதான். பிறகு கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் அந்தக் கருவியை வெளியேற்றி, வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் போய் லாக் அவுட் செய்யுங்கள். பிரவுசரில் சேமித்திருந்த பேங்க் பாஸ்வேர்டு அடுத்தது. ஓடும் ரயில் என்றால் 139-ஐக் கூப்பிடுங்கள் அல்லது டிடிஇ-யிடம் சொல்லுங்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் தரலாம். எஃப்ஐஆர் நகல் இலவசம். புகாரை மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மேக் என்றால் ஃபைண்ட் மை பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால், உங்கள் கணக்கு இல்லாமல் வேறொருவர் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஆக்டிவேஷன் லாக்கும் கழன்றுவிடும்.