பி.எட். சேரும் முன் ஒரு கணக்கு டீச்சர் சொல்வது

டிகிரி ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி பி.எட். பற்றித்தான். இந்த முறை கேட்டது என் அக்கா மகள். பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். "சித்தி, பி.எட். சேரவா, எம்.எஸ்சி. சேரவா? கரஸ்ல பி.எட். போட்டுட்டு வேலைக்குப் போயிடலாம்னு அப்பா சொல்றார்."

முதலில் இந்தக் கரஸ், அதாவது அஞ்சல்வழிப் படிப்புக் கதையை முடித்துவிடுவோம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலை பி.எட். இருக்கிறது. ஆனால் அது தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும், டி.டி.எட். (ஆசிரியர் பட்டயப் படிப்பு) மாதிரி ஏதாவது ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரில் படித்து முடித்தவர்களுக்கும்தான். வெறும் டிகிரியோடு இருப்பவர் கல்லூரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும், 2 ஆண்டு. நான் படித்தபோது ஓராண்டுதான், 2015இல் மாற்றினார்கள். வெளிமாநிலக் கல்லூரிப் பெயரைச் சொல்லி 'வீட்டிலிருந்தே பி.எட்.' என்று வரும் ஏஜெண்டுகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

அப்புறம், எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆசை என்று யோசியுங்கள். 6 முதல் 10 வரை என்றால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலை. அதற்கு பி.எட்.டோடு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள், பிறகு நியமனத் தேர்வு. பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் முதுகலை ஆசிரியர். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும், டெட் தேவையில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தேர்வு 150 மதிப்பெண்: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. தமிழ்த் தகுதித் தாள் தனி. இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடமாக இருப்பது முக்கியம். இயற்பியலில் பி.எஸ்சி.யும் கணிதத்தில் எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் கண்கலங்கி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது, பி.எட். முதலில். எம்.எஸ்சி.யைப் பிறகு தொலைநிலையில்கூடப் படிக்கலாம், பி.எட்.டை அப்படிப் படிக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. நல்ல கல்லூரியில் எம்.எஸ்சி. இடம் கையில் இருந்தால் அதை விடவேண்டாம், அது வேறு. இரண்டையும் ஒரே வருடத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள மட்டும் வேண்டாம்.

சரி, எந்தக் கல்லூரி? தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. டிகிரி மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துக் கவுன்சிலிங். டிகிரியில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 இருந்தால் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைப்பது வேறு கதை. சைதாப்பேட்டை கல்லூரி 1856இல் ஆரம்பித்தது. பெண்கள் என்றால் திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் கல்லூரியையும் பாருங்கள். ஹாஸ்டலில் தங்கத் தயார் என்றால் மைசூரில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் மண்டலக் கல்வி நிறுவனம். நுழைவுத் தேர்வு உண்டு. வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளி இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

இதெல்லாம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான். பிரின்சிபாலைப் பார்த்துப் பேசுவதால் ஒன்றும் தெரியாது. ஏதாவது ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். வகுப்பில் ஆள் இருக்கிறதா? "வரவே வேண்டாம், ரெக்கார்டும் நாங்களே முடிச்சுத் தர்றோம், கொஞ்சம் கூட ஆகும்" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். என்னுடையதை, பிராக்டிக்கல் செலவு பாக்கி என்று சொல்லி நான் படித்த கல்லூரியில் ஐந்து மாதம் வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு ரசீதுகூட இல்லாததால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். எங்கள் பள்ளிக்கும் பயிற்சி மாணவிகள் வருவார்கள். போன வருடம் இரண்டு பேர் ஒரே பாடத்தை வேறு வேறு பிரிவில் எடுத்தார்கள், x² + 5x + 6ஐக் காரணிப்படுத்துவது. முதல் பெண் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே பலகை முழுக்க எழுதினாள். கடைசி பெஞ்சுப் பையன், "ஏன் மிஸ் 2, 3? 1, 6 வச்சா என்ன?" என்றான். "புக்ல அப்படித்தான் இருக்கு" என்றாள். கல்லூரிக்கு எத்தனை நாள் போனாள் என்று பிறகு கேட்டேன், சிரித்தாள்.

அடுத்த பிரிவிலும் அதே கேள்வி வந்தது. அந்தப் பெண் சாக்பீஸை அவன் கையில் கொடுத்து, "வச்சுப் பாரு" என்றாள். அவன் எழுதினான், கூட்டினான், 5க்குப் பதில் 7 வந்தது. தானே டஸ்டரை எடுத்து அழித்தான். அவள் கல்லூரியில் ஆறு ஆறு நிமிடமாக மைக்ரோ டீச்சிங், அதாவது குட்டிப் பயிற்சி வகுப்பு எடுக்கவைத்து, சரியில்லை என்றால் மறுபடி எடுக்கவைப்பார்களாம்.

அக்கா மகள் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டாள். அவள் அப்பா மட்டும் நேற்று இரவு போன் செய்து, "கரஸ்ல நிஜமாவே முடியாதா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.