மாதம் ஒரு முறை புது இமேஜ்: எங்கள் கடையில் ஓஎஸ் போடும் முறை

சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரங்களில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்களுக்குத் தூக்கம் குறைவு. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் ஆடி 18 அன்று வெளியாகும். அதற்கு முன் ஓர் அச்சகத்தின் வடிவமைப்பு அறையில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதன் பின்னால் உள்ள வேலையெல்லாம் நின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாலையில் வந்த கம்ப்யூட்டருக்கு, கையில் இருந்த பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டு, இரவோடு இரவாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பென் டிரைவில் இருந்தது ஒன்றரை ஆண்டுப் பழைய விண்டோஸ்.

காலை ஒன்பது மணிக்கு அச்சகத்து அண்ணாச்சி போனில் அழைத்தார். "தம்பி, விடிந்ததிலிருந்து அப்டேட், ரீஸ்டார்ட் என்றே சுற்றிக்கொண்டிருக்கிறது. பையன் எப்போது வேலையைத் தொடங்குவான்?" பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தொடங்கினான். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கூலியையும் முழுதாகக் கொடுத்தார். அந்தப் பணத்தை வாங்கும்போது எனக்குக் கை கூசியது. அந்த மாதத்திலிருந்து இமேஜை, அதாவது விண்டோஸ் நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பை, புதுப்பிக்காமல் ஒரு வாடிக்கையாளருக்கும் ஓஎஸ் (இயங்குதளம்) போடுவதில்லை.

நேரம் போவது ஒரு பக்கம். பாதுகாப்பு அதைவிடப் பெரியது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஜனவரியில் செய்த இமேஜிலிருந்து ஜூன் மாதம் ஒரு கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போட்டு அலுவலக நெட்வொர்க்கில் மாட்டினால், மூடப்பட்ட ஓட்டையை நாமே திறந்து கொடுத்ததாகும். "ஃபிரெஷ்ஷாகப் போட்டுவிட்டேன்" என்று சொல்லும் உரிமை பழைய இமேஜ் வைத்திருப்பவருக்கு இல்லை.

எந்த மாதிரி இமேஜ்?

இரண்டு வழிகள் உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ், ஆபிஸ், பிரவுசர், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் போட்டு, அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி, அப்படியே படம் பிடித்து வைப்பது ஒன்று. மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் முழு நகல்) கோப்பை எடுத்து, அதனுள்ளேயே அப்டேட்டுகளையும் தேவையான டிரைவர்களையும் சேர்ப்பது இன்னொன்று. ஒரே மாடல் கம்ப்யூட்டர் ஐம்பது இருக்கும் கல்லூரி ஆய்வகத்துக்கு முதல் வழி பொருந்தும். நம்மைப் போன்ற கடைகளுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. நம்மிடம் வருவது இன்று ஒரு ஹெச்பி, நாளை ஒரு லெனோவோ, மறுநாள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிச் சேர்த்த அசெம்பிள் கம்ப்யூட்டர். முதல் வழியில் செய்த கனத்த இமேஜில் உள்ள மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழையதாகும். சிஸ்பிரெப்பும் இலேசில் விடாது: இமேஜைத் தயார் செய்யும் ஆடிட் நிலையில் இணையம் கிடைத்து ஸ்டோர் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டால், அது பிழை சொல்லி நின்றுவிடும்.

ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரைக் குளோன் (முழு நகல்) எடுத்து அடுத்தவருக்குப் போடும் பழக்கம் யாரிடமாவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஒருவரின் கடவுச்சொற்களும் உரிமங்களும் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். முன்பே ஆக்டிவேட் செய்தது என்று இணையத்தில் கிடைக்கும் இமேஜ்களையும் தொடாதீர்கள். அதற்குள் வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்பட்ட லேப்டாப்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. சரியான பதிப்பைப் போட்டால் அதுவாகவே ஆக்டிவேட் ஆகும்.

எப்போது செய்வது?

மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி. நமக்கு அன்றிரவு பத்தரை, அவர்களின் குளிர்காலத்தில் பதினொன்றரை. அன்றே செய்யாதீர்கள். ஏதாவது அப்டேட் பிரிண்டரைக் கெடுத்தாலோ நீலத் திரையைக் கொண்டுவந்தாலோ சில நாட்களில் தெரிந்துவிடும். நான் அடுத்து வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவேன். கடை மூடியிருக்கும், மின்சாரத்துக்கு யுபிஎஸ் இருக்கும். எஸ்எஸ்டியில் குறைந்தது 50 ஜிபி காலியிடம் வேண்டும். ஹார்டு டிஸ்கில் செய்தால் ஞாயிறு முழுவதும் போய்விடும்.

செய்முறை

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை நேரடியாக இறக்குங்கள். மீடியா கிரியேஷன் டூல் மூலம் எடுத்தால் உள்ளே இருப்பது இஎஸ்டி என்ற அதிகம் அழுத்திய வடிவம். அதைத் திறந்து அப்டேட் சேர்க்க முடியாது, முதலில் விம் என்ற இமேஜ் கோப்பு வடிவமாக மாற்ற வேண்டியிருக்கும். இறக்கியதும் தளத்தில் கொடுத்துள்ள எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுங்கள். பிறகு ஐஎஸ்ஓவில் இருப்பதை ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, கோப்புகளின் படிக்க மட்டும் என்ற குறியை நீக்கிவிடுங்கள்.

இன்ஸ்டால்.விம் கோப்புக்குள் பல பதிப்புகள் இருக்கும். எங்கள் ஊருக்குத் தேவையானவை ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ ஆகிய மூன்று. இமேஜ்களைத் திருத்த விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கருவியின் எக்ஸ்போர்ட்-இமேஜ் கட்டளையால் இந்த மூன்றை மட்டும் புதிய விம் கோப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். சிங்கிள் லாங்குவேஜை வேண்டாத பதிப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் விற்ற வீட்டு லேப்டாப்கள் பலவற்றில் ஃபர்ம்வேரில் இருப்பது அதற்கான சாவிதான். அது இல்லாமல் வெறும் ஹோம் போட்டால், ஆக்டிவேட் ஆகவில்லை என்று வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் திரும்பி வருவார்.

அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் எடுக்கலாம். நான்கு வகை வேண்டும்: மாதாந்திரக் கியுமுலேட்டிவ் அப்டேட் (முந்தைய திருத்தங்களும் சேர்ந்தது), டாட் நெட் ஃப்ரேம்வொர்க்குக்கான கியுமுலேட்டிவ் அப்டேட், சேஃப் ஓஎஸ் டைனமிக் அப்டேட் (மீட்பு விண்டோஸுக்கானது), செட்டப் டைனமிக் அப்டேட் (நிறுவும் நிரலுக்கானது). கடைசி இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து செக்பாயின்ட் என்று ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது: முந்தைய ஓர் அப்டேட்டை அடிப்படையாக வைத்து, அதற்குப் பின் மாறியவை மட்டும் புதிய அப்டேட்டில் வரும். அதனால் அந்த மாத அப்டேட் மட்டும் போதாது. அதற்கு முந்தைய செக்பாயின்டான 2024 செப்டம்பரின் கேபி5043080 கோப்பும் கூடவே வேண்டும். இரண்டையும் வேறு எதுவும் இல்லாத ஒரே ஃபோல்டரில் வைத்து, புதிய கோப்பின் பெயரை டிஸ்முக்குக் கொடுங்கள். பழையதை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். டிஸ்ம் கருவியும் இமேஜை விடப் பழையதாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விண்டோஸ் 11 இமேஜைத் திருத்துவதாக இருந்தால், மைக்ரோசாஃப்டின் புதிய ஏடிகே கருவித் தொகுப்பில் வரும் டிஸ்மை நிறுவிக்கொள்ளுங்கள்.

இனி வரிசை முக்கியம். மவுன்ட்-இமேஜ் கட்டளையால் முதல் பதிப்பை ஒரு காலி ஃபோல்டரில் திறக்கிறோம். அதனுள் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்று போனால் வின்ஆர்இ.விம் கிடைக்கும். கம்ப்யூட்டர் எழ மறுக்கும் நாளில் காப்பாற்றும் சின்ன விண்டோஸ் அதுதான். அதை வெளியே எடுத்து, தனியாகத் திறந்து, முதலில் மாதாந்திர அப்டேட்டுடன் வரும் சர்வீசிங் ஸ்டாக்கையும் (அப்டேட்டுகளை நிறுவும் பகுதி), பிறகு சேஃப் ஓஎஸ் அப்டேட்டையும் சேர்த்து மூடுங்கள். ஒரு முறை செய்தால் போதும்; அதே கோப்பை மூன்று பதிப்புகளுக்குள்ளும் நகலெடுக்கலாம்.

அடுத்து, திறந்திருக்கும் பதிப்புக்கு ஆட்-பேக்கேஜ் கட்டளையால் மாதாந்திர அப்டேட். அது முடிந்ததும் கிளீனப்-இமேஜ் கட்டளையை ஸ்டார்ட்-காம்பொனன்ட்-கிளீனப், ரீசெட்-பேஸ் ஆகிய இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். அப்டேட்டால் பெருத்த இமேஜ் இளைக்கும். டாட் நெட் 3.5 வசதியையும் டாட் நெட் அப்டேட்டையும் இதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால், முடிவடையாத வேலை நிலுவையில் இருக்கிறது என்று சொல்லிச் சுத்தம் செய்யும் கட்டளை மறுத்துவிடும். இந்த ஒரு வரிசைப் பிழையில் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழந்திருக்கிறேன். டாட் நெட் 3.5 எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பஜாரில் இன்னும் ஓடும் பழைய பில்லிங் மென்பொருள்கள் அது இல்லாமல் திறக்காது. இணையம் மெதுவாக இருக்கும் கடையில் அதை இறக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஐஎஸ்ஓவின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் அது இருக்கிறது.

கமிட் (மாற்றங்களைச் சேமி) சொல்லி மூடியபின், மற்ற இரண்டு பதிப்புகளுக்கும் இதையே செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடியும் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்தால் கோப்பின் அளவு இன்னும் குறையும்.

நிறுவலைத் தொடங்கி வைக்கும் பூட்.விம் கோப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டுக்கும் மாதாந்திர அப்டேட் போட வேண்டும். பிறகு இரண்டாம் பகுதியில் உள்ள செட்டப் கோப்பையும் செட்டப்ஹோஸ்ட் கோப்பையும் எடுத்து, வெளியே உள்ள சோர்சஸ் ஃபோல்டரில் வைக்க வேண்டும். உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் என்று இருந்தால் நிறுவல் பாதியில் நிற்கக்கூடும். செட்டப் டைனமிக் அப்டேட்டை விரித்து அதே சோர்சஸ் ஃபோல்டரின் மேல் போடுவதை இதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

டிரைவர்கள்

எல்லா டிரைவரையும் இமேஜில் திணிக்காதீர்கள். கிராபிக்ஸ், ஆடியோ எல்லாம் விண்டோஸ் அப்டேட் பார்த்துக்கொள்ளும். வட்டைக் காண்பதற்கும் இணையத்தில் சேர்வதற்கும் வேண்டியவை மட்டும் போதும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியைத் தன் வழியாக இயக்கும் விஎம்டி என்ற அமைப்பு இருப்பதால், நிறுவும்போது எஸ்எஸ்டியே பட்டியலில் தெரியாது. வட்டு போய்விட்டது என்று நினைத்துப் புதிய எஸ்எஸ்டி விற்ற கடைகளும் உண்டு; அது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை விரித்து, ஆட்-டிரைவர் கட்டளையால் பூட்.விம் இரண்டாம் பகுதியிலும் இன்ஸ்டால்.விம் பதிப்புகளிலும் சேருங்கள். வைஃபை, லேன் டிரைவர்களை இன்ஸ்டால்.விம்மில் சேர்த்தால் போதும்.

பென் டிரைவ்

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்துக்கு வந்தது) கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் எழ வேண்டுமென்றால் ஃபேட்32 வடிவம் தேவை. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. நம் விம் கோப்பு அதைத் தாண்டிவிடும். ஸ்பிளிட்-இமேஜ் கட்டளையால் 3,800 எம்பி துண்டுகளாக்கி, இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் என்று பெயர் வைத்தால் செட்டப் புரிந்துகொள்ளும். ஐஎஸ்ஓவாகவும் ஒன்று வேண்டுமென்றால் ஏடிகேயில் உள்ள ஓஎஸ்சிடிஇமேஜ் கருவி போதும்.

நம்பகமான நிரல்களை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் பாதுகாப்புக்கான மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடிகிறது. அவற்றின் இடத்தில் 2023 சான்றிதழ்கள் வருகின்றன. நெடுநாள் பழைய பென் டிரைவைத் தூக்கிப் போட இதுவும் ஒரு காரணம்.

சோதனை

முதலில் ஹைபர்-வி மெய்நிகர் கம்ப்யூட்டரில் இணையம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். வின்வெர் கட்டளை காட்டும் பில்டு எண், அந்த மாத அப்டேட்டின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ரீஏஜென்ட்சி கட்டளை ரெக்கவரி இயங்குகிறது என்று சொல்ல வேண்டும். பிறகு கடையில் உள்ள ஒரு நிஜ லேப்டாப்பில் போட்டு, இணையம் கொடுத்து, அப்டேட் தேடச் சொல்லுங்கள். டிஃபென்டர் வைரஸ் தடுப்புக்கான விவரங்களும் சில டிரைவர்களும் வந்தால் சரி. பெரிய அப்டேட் இறங்கத் தொடங்கினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. அந்த இமேஜ் வெளியே போகக் கூடாது.

வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் கைவைக்கும் முன்

இமேஜ் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அழித்த தரவு திரும்பாது. முதலில், வட்டில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கும் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 24எச்2 புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பொருத்தமான லேப்டாப்களில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். கணக்கின் மின்னஞ்சல் எது என்று வாடிக்கையாளருக்கே தெரியாமல் இருப்பது வழக்கம். ஆகவே வேலை முடிந்து ஒப்படைக்கும்போது அந்த முகவரியை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன், அவரிடமே இருக்கட்டும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டை மட்டும் காப்பி எடுத்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அச்சகக் கம்ப்யூட்டரில் உயிர் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில். பாமினி, வானவில் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்த எழுத்துருக்கள் போய்விட்டால், பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். கணக்கு எழுதுபவர் என்றால் டேலி தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அவரை அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், இ-சேவை மையத்தின் கைரேகைக் கருவி ஆகியவற்றின் டிரைவர்களையும் தனி ஃபோல்டரில் கடையில் வைத்திருங்கள்.

விண்டோஸ் 10 கேட்டு வருபவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14 உடன் அதன் இலவச ஆதரவு முடிந்தது. ஆறாம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டருக்குக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக் காசு வாங்குவதில்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்த்துக் கொடுப்பேன். இணையமும் கடிதமும் மட்டும் போதும் என்பவருக்கு லினக்ஸ் மின்ட்டைக் காட்டுவேன்.

ஒவ்வொரு பென் டிரைவிலும் மாதத்தையும் பில்டு எண்ணையும் ஒட்டி வைக்கிறேன். முந்தைய மாத இமேஜ் ஒன்றை மட்டும் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தையவற்றை அழித்துவிடுகிறேன். எழுதத் தடை போடும் சின்ன விசை உள்ள பென் டிரைவ் கொஞ்சம் விலை கூடத்தான். ஆனாலும் அதையே வாங்குங்கள். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரில்தான் நாம் அதை முதலில் செருகப் போகிறோம்.