மாணவர் முகாமும் ஊருணியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றதும் ஊருணி சுத்தம், மரக்கன்று நடுவது இரண்டும்தான் முதலில் பேச்சுக்கு வரும். ஊருக்கு வேண்டிய வேலைகள்தான். ஆனால் நாள் குறிப்பதிலேயே பாதி கெட்டுப்போகிறது.

இந்தப் பக்கம் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. ஏழு நாள் முகாமை அரையாண்டு விடுமுறையில் வைத்தால், வரவேண்டிய தண்ணீர் அதற்குள் வேறு பக்கம் ஓடியிருக்கும். காலாண்டு விடுமுறையே சரியான சமயம். மண் காய்ந்திருக்கும், பெருமழைக்கு முன் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே அனுமதி வாங்குங்கள். சில ஊருணிகள் ஊராட்சி பொறுப்பில் இருக்கும், சில கோயில் பொறுப்பில். விசாரிக்காமல் இறங்கினால் முதல் நாளே வேலை நின்றுவிடும்.

அடுத்து, எல்லோரும் நேரே ஊருணிக்குள் போய்விடுகிறார்கள். படித்துறையில் குப்பை அள்ளுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. தண்ணீர் வராததற்கான காரணமோ பெரும்பாலும் வெளியே, ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் கிடக்கும். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீர்கூடத் தெரு வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும்படி கட்டப்பட்ட ஊர்கள் இவை. ஆகவே ஊருணி வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். சாலையை உயர்த்தியதில் எந்தக் குழாய்ப்பாலம் அடைபட்டது, எந்த வீட்டுக் கழிவுநீர் வரத்துக்காலில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் விழும் காலைச் சுத்தம் செய்தால் சாக்கடையை ஊருணிக்குக் கூட்டிவந்தது போலாகும். ஊராட்சி அதைத் திருப்பிவிட்ட பிறகே அந்தக் காலைத் தொடவேண்டும்.

ஐம்பது பேருக்கு ஆறு மம்பட்டி என்றால் நாற்பது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பத்துப் பேர் குழுவுக்கு மம்பட்டி 3, கடப்பாரை 1, சட்டி 4, சாக்கு 5 வேண்டும். ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வெட்டினால் வரத்துக்கால் முழுக்கக் குழியாகி, தண்ணீர் அங்கங்கே தேங்கி நின்றுவிடும். கொத்தனாரிடம் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி, இருபது அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் ஆழத்தைக் குறித்துவிட்டு வெட்டுங்கள். டியூபுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும். வெட்டிய மண்ணைக் கரை ஓரத்தில் குவித்தால் முதல் மழையே அதை உள்ளே தள்ளிவிடும். மூன்றடி தள்ளி, பள்ளத்துப் பக்கமாகப் போடுங்கள். மேட்டுப் பக்கம் போட்டால் பக்கவாட்டில் வரும் நீருக்கு அது அணையாகிவிடும்.

ஊருணிக்குள் மாணவர் கை வைக்கவேண்டியது குப்பையிலும் மேல் வண்டலிலும் மட்டும். அடியில் இறுகிய களிமண் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தப் படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது, அதை உடைத்தால் நிறைந்த ஊருணியும் சீக்கிரம் வற்றும். செம்புராங்கல் சுவரில் எனாமல் பெயிண்டால் வாசகம் எழுதாதீர்கள். அது நுண்துளைக் கல். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் பொரிந்து உரியும்.

தண்ணீர் கிடக்கும் ஊருணியில் மாணவர்கள் இறங்கவே கூடாது. சேற்றில் கண்ணாடிச் சில்லு இருக்கும் என்பதால் கம்பூட்ஸ் இல்லாமல் யாரையும் விடாதீர்கள். சீமைக்கருவேலம் மாணவர் வேலையே அல்ல. முள் பாதத்தில் ஒடிந்து உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும். தரையோடு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க ஜேசிபிதான் வேண்டும்.

மரக்கன்றுக்கும் இதே காலக்கணக்குதான். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5 அன்று நட்டால் ஆடிக் காற்றும் வெயிலும் கன்றைக் காய்ச்சிவிடும். செம்மண் இறுகிய பூமி, அரை அடிக் குழியில் வேர் இறங்காது. காலாண்டு முகாமிலேயே இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து ஆறவிடுங்கள். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்ததும் மேல்மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்பி, வேம்போ புங்கனோ இலுப்பையோ நடலாம். கரையோரத்துக்கு நீர்மருது. ஆடு கடிக்காமலிருக்க அன்றே முள்வேலி கட்டிவிடவேண்டும், நாளைக்கு என்று விட்டால் கன்று இருக்காது.

சித்திரை, வைகாசியில் மூன்று நாளைக்கு ஒருமுறை கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். பிளஸ் டூ மாணவர் பெயரில் ஒப்படைத்தால் தேர்வு முடிந்து அவர் ஊரை விட்டே போயிருப்பார். பட்டியலில் பிளஸ் ஒன் மாணவர் ஒருவரையும், அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவரையும் சேர்த்து எழுதுங்கள்.