ஸ்பீக்கர் மேல் அம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு பிடி? வீட்டிலேயே சோதிப்போம்

ஸ்பீக்கரை இயக்கும் அம்ப்ளிஃபயர், சுருக்கமாக அம்ப், வாங்கப் போனால் ‘டாம்பிங் ஃபாக்டர் 200’ என்று பெட்டியில் போட்டிருக்கும். இசை நின்றதும் ஸ்பீக்கரில் அதிரும் கூம்பும் நிற்க வேண்டும். அந்தப் பிடியைக் குறிக்கும் எண் அது. ஸ்பீக்கரின் 8 ஓம் தடையை அம்பின் வெளியீட்டுத் தடை 0.04 ஓமால் வகுத்தால் 200.

முதலில் அந்தப் பிடியைக் காதால் கேளுங்கள். ஸ்பீக்கரை அம்பிலிருந்து முழுதாகக் கழற்றி, வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். ‘தும்ம்’ என்று இழுபடும். இப்போது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் துண்டு வயரால் இணைத்துத் தட்டுங்கள்; ஒலி சட்டென்று அடங்கும். கூம்போடு சேர்ந்து காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருள் தானே மின்னை உண்டாக்குகிறது. சுற்று மூடியிருந்தால் அந்த மின்னோட்டமே அசைவை எதிர்க்கும். தடை கூடினால் பிடி தளரும். துண்டு வயரைக் கழற்றிய பிறகே அம்பில் கொழுவுங்கள், இல்லாவிட்டால் அம்ப் பழுதாகும்.

அடுத்தது வயர். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு மீற்றருக்குச் சுமார் 0.017 ஓம். 10 மீற்றர் தூரத்துக்குப் போக, வர 0.34. அம்பின் 0.04ஐயும் சேர்த்தால் 0.38; அதனால் 8ஐ வகுத்தால் வெறும் 21!

பதற வேண்டாம், புதியவர்கள் குழம்புவது இங்கேதான். 8 ஓம் ஸ்பீக்கரை மல்ரிமீற்றரால் அளந்தால் 6 ஓம் அளவில் காட்டும். அது சுருளின் சொந்தத் தடை. எதிர்க்கும் மின்னோட்டம் அதற்குள்ளாலும் ஓட வேண்டும். ஆகவே மொத்தத் தடை 6.04இலிருந்து 6.38 ஆகிறது, அவ்வளவுதான். சத்தம் கூட்டிச் சுருள் 50 பாகை சூடேறினாலே அதன் தடை 20 சதவீதமளவு ஏறிவிடும்.

மெல்லிய வயரின் கெடுதல் வேறிடத்தில். ஸ்பீக்கரின் ஓம் சுரத்துக்குச் சுரம் மாறும். 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் இந்த 0.38 ஓம் கிட்டத்தட்ட 0.8 டெசிபெல் தின்னும். 30 ஓமுக்கு ஏறும் இடத்தில் 0.1தான். ஒலியின் சமநிலையே லேசாகக் குலையும். 2.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு பாதியாகும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது வயர் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம்; தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

கடைசியாக முனைகள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கக் கடலோர வீடுகளில் உப்புக் காற்றுப் பட்டுச் செம்பு பச்சை பிடிக்கும். பிடித்த பகுதியை வெட்டி, புதுச் செம்பை உரித்து இறுக்குங்கள். பிறகு 50 ஹேர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, அம்ப் முனையிலும் ஸ்பீக்கர் முனையிலும் ஏசி வோல்ற்றை அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால், வயருக்குக் காசு செலவழிக்க முன் இணைப்புகளை இன்னொருமுறை இறுக்கி அளவுங்கள்.