மின்னூலைக் காதால் சோதியுங்கள்

மின்னூல் தயாரிப்பது என் தொழில். எந்த நூலானாலும், வெளியிடுவதற்கு முன் திரையை அணைத்துவிட்டு ஓர் அத்தியாயமாவது ஸ்கிரீன் ரீடரில், அதாவது திரையில் உள்ளதை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளில், கேட்டுவிடுவேன். விண்டோஸுக்கு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். பார்வையற்ற வாசகர் கையில் நம் நூல் என்ன ஆகிறது என்பது அப்போதுதான் புரியும்.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எந்த வேலையையும் தொடாதீர்கள். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிகிற இடத்தில் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைப்பதும் அந்த ஆங்கிலக் குறிகள்தான். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக மெய்ப்புப் பாருங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறியிருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கமும் வெறும் படம். ஓசிஆர் செய்து, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, ஒற்றும் கொம்பும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அத்தியாயத் தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் போதாது. வேர்டிலேயே ‘ஹெட்டிங் 1’, ‘ஹெட்டிங் 2’ என்று ஸ்டைல் கொடுங்கள். என்விடிஏவில் ‘எச்’ விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறவர்களுக்கு அதுதான் வழி. அழகுக்காக ‘அ ட க் க ம்’ என்று இடம்விட்டு அடிக்கவே அடிக்காதீர்கள், சொல் சிதறிவிடும். நூலின் மொழி தமிழ் என்பதையும் கோப்பில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் வந்து திணறும்.

அதிக நேரம் கேட்பது படங்கள்தான், அந்த நேரத்தைக் கொடுங்கள். பாடநூலில் இதயத்தின் வெட்டுத்தோற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்று உரையில், அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் விளக்கத்தில், ‘இதயத்தின் படம்’ என்று எழுதினால் மாணவருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. பாடம் ரத்தம் உந்தப்படுவதைப் பற்றியது என்றால், ‘இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைவிடத் தடிமனாக உள்ளது’ என்று எழுதுங்கள். பார்க்கிற மாணவர் அந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறாரோ அதுவே கேட்கிறவருக்கும் போய்ச் சேர வேண்டும். ‘படம்’ என்று தொடங்க வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். வெறும் அலங்காரப் பூவேலை என்றால் மாற்று உரையைக் காலியாக விடுங்கள். ஆசிரியரிடமே விளக்கம் கேட்டு வாங்குவது என் வழக்கம். படம் ஏன் அங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள். உண்மையான அட்டவணையாகப் போட்டு, தலைப்பு வரிசையைக் குறியுங்கள்.

மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு நிற வேறுபாடு முக்கியம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நிறம் மயிரிழையில் தேறும். பலருக்கும் பிடித்த 999999 தேறாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மடங்க வேண்டும். அதனாலேயே, நிலையான பக்கம் கொண்ட பிடிஎஃபைவிட, திரைக்கேற்ப வரிகள் மடங்கும் மின்னூல் வடிவமான இபப்பையே நான் பரிந்துரைக்கிறேன். ஒலி, காணொளி சேர்த்தால் காது கேளாதவர்களுக்காக எழுத்து வடிவமும் வசன வரிகளும் கட்டாயம்.

முடித்ததும், எல்லோரும் படிக்கக்கூடிய நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பின் ‘ஏஸ்’ என்ற இலவசக் கருவியில் இபப் கோப்பைச் சோதியுங்கள். மாற்று உரை விடுபட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். இருக்கிற உரை உருப்படியானதா என்பதை மனிதர்தான் சொல்ல முடியும். முடிந்தால் ஸ்கிரீன் ரீடரில் அன்றாடம் படிக்கிற ஒருவரிடம் கொடுங்கள், அந்த உழைப்புக்குக் கூலியும் கொடுங்கள்.

கடைசியாக மெட்டாடேட்டா, அதாவது கோப்பிலேயே பதியும் நூலைப் பற்றிய விவரங்கள். எந்தெந்த வசதிகள் உண்டு என்பதை அதில் எழுதுங்கள். விளக்கம் இல்லாத படங்கள் மீதமிருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே வாசகருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.